கையுறைக்குப் பதினைந்து நிமிடம்

கேள்வி: மூன்று மாதமாக லண்டனில் பர்லெஸ்க் நடன வகுப்புக்குப் போகிறேன். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். ஆசிரியை நன்றாகத்தான் சொல்லித் தருகிறார். ஆனால் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் என் வயிறும் தொடையும் தெரிந்தால் கால் நகர மறுக்கிறது. அடுத்த மாதம் எங்கள் வகுப்பு மேடை ஏறுகிறது. உடல் பற்றிய தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்வது எப்படி? தமிழ்ப் பத்திரிகையில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, லண்டன்

பதில்: கேட்டதற்கு மன்னிப்புத் தேவையில்லை. ‘வளர்த்துக்கொள்வது’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் தேவை.

தமிழில் வளர்க்கத் தக்கவை ஆடு, கோழி, முருங்கை, மீசை, பங்காளிப் பகை. வயிறு வளர்ப்பது என்றும் ஒன்று உண்டு. இந்தப் பத்திரிகையை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளாக அதை நான் இரண்டு பொருளிலும் செய்து வருகிறேன். இந்த வரிசையில் தன்னம்பிக்கையைக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று எனக்குத் தெரியும். புத்தகக் காட்சிக்குப் போனால் மூன்று கடைக்கு ஒரு கடையில் அது அடுக்கி வைத்திருக்கிறது, அட்டையில் சூரிய உதயத்தோடு. நண்பர் ஒருவர் அப்படி ஒரு நூல் எழுதினார். ஒரே வாக்கியத்தை இருநூறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார் என்று இதே பக்கத்தில் ஒரு முறை சொல்லிவிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. சென்ற தை மாதம் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் நூலில் ஏழாம் அத்தியாயத்தின் தலைப்பு, ‘எவரையும் நேருக்கு நேர் சந்தியுங்கள்’. வாழைமரம் மெலிது, நண்பர் அப்படியல்ல. இரண்டு பக்கமும் தெரிந்தார். பாவம், நான்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன்.

இனி பர்லெஸ்க். அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒயிலும் கிண்டலுமாக ஒவ்வோர் உடையாகக் களைந்து ஆடும் மேடை ஆட்டம். கடைசியில் மிஞ்சுவது பளபளக்கும் உள்ளாடை. கைதேர்ந்த சிலரிடம் இரண்டே இரண்டு ஜிகினா வட்டங்கள். இந்த வாக்கியத்தை உதவி ஆசிரியர் இரண்டு முறை அடித்தார். இரண்டு முறையும் மீட்டுக்கொண்டேன். கண்டனக் கடிதங்களை அவர் பெயருக்கு அனுப்ப வேண்டாம்.

பர்லெஸ்க் என்ற சொல்லுக்குள் உடையும் இல்லை, உடலும் இல்லை. இத்தாலிய மொழியில் ‘பூர்லா’ என்றால் கேலி. அதில் பிறந்தது இந்தச் சொல். காவியத்தையும் புராணத்தையும் பெரிய மனிதர்களையும் கவிழ்த்துப் போட்டுச் சிரிப்பதே அதன் முதல் தொழில். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைத்தார். அந்த எள்ளல்தான் இது. உங்கள் ஆசிரியை இதைச் சொல்லியிருந்தால் நல்லது. சொல்லவில்லை என்றால் நீங்கள் சொல்லுங்கள்.

1868இல் லிடியா தாம்சன் என்ற ஆங்கிலேய நடிகை தம் குழுவோடு நியூயார்க்கில் போய் இறங்கினார். கிரேக்கப் புராணத்தை நையாண்டி செய்யும் நாடகம். பெண்கள் ஆண் வேடம் கட்டினார்கள். கால்களில் ஒட்டிப் பிடித்த இறுக்கமான காலுறை. நடுநடுவே அன்றைய அரசியலுக்கும் குத்து. பாவாடைக்குள் இரண்டு கால்கள் இருப்பதையே பேசக் கூசிய காலம் அது. கூட்டம் அலைமோதியது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் குழு சிகாகோவுக்குப் போனபோது, ‘சிகாகோ டைம்ஸ்’ ஆசிரியர் வில்பர் ஸ்டோரி இந்தப் பெண்களின் ஒழுக்கத்தைத் தம் பத்திரிகையில் சந்திக்கு இழுத்தார். லிடியா மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. குதிரைச் சவுக்கை எடுத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் அவரை விளாசிவிட்டார். வழக்கு நடந்து அபராதம் விதித்தார்கள்.

ஒரு பத்திரிகை ஆசிரியர் என்ற முறையில் நான் ஸ்டோரியின் பக்கம் நிற்க வேண்டும். முயன்றேன், முடியவில்லை. தூக்குத் தண்டனைச் செய்திக்குக்கூட மோனை குறையாமல் தலைப்பு வைத்த பத்திரிகை அவருடையது. மோனைத் தலைப்புப் பற்றி எனக்கு என்ன கருத்து என்பது நெடுநாள் வாசகர்களுக்குத் தெரியும். நம் நாளிதழ்களிலும் பிணத்துக்கு எதுகை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சவுக்குதான் கிடைப்பதில்லை.

உங்கள் வயிற்றுக்கு வருகிறேன். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு பாருங்கள்! பழியைத் தூக்கிக் கட்டடத்தின் மேல் போட்டாள். இன்றைக்கு மூன்று மாதம் ஆடப் பழகியவர் கூடத்தை ஒன்றும் சொல்வதில்லை. இடுப்பு கோணல் என்கிறார். எனக்குப் பழையவளையே பிடிக்கிறது.

1930களின் பர்லெஸ்க் மேடையில் கொடிகட்டிப் பறந்தவர் ஜிப்ஸி ரோஸ் லீ. சிறு வயதில் தங்கை ஜூனோடு ஊர் ஊராகப் போய் மேடை ஏறியவர். ஆட்டம் பாட்டம் எல்லாம் தங்கைக்குத்தான் வந்தது. அக்காவுக்கு இரண்டும் சுமார். தங்கை ஓடிப்போய்த் திருமணம் செய்துகொண்டார். குழு படுத்துவிட்டது. சுமாரான அக்கா தனியாகப் பிழைக்க வேண்டும். கையில் இருந்தது நாக்கும் நிதானமும். மேடையில் பேசிக்கொண்டே இருந்தார், கழற்றுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கையுறையைக் கழற்ற அவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகும் என்பார்கள். பதினைந்து நிமிடமும் அரங்கம் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிற்றின் முறை வருவதற்குள் பாதிப் பேருக்குக் கடைசி ரயில் போயிருக்கும்.

முழங்கைக்கு மேலே போகும் சாட்டின் கையுறையைக் கழற்றுகிறவரைப் பாருங்கள். முதலில் சுண்டுவிரல் நுனியைப் பிடித்து ஓர் அங்குலம் இழுப்பார். அடுத்த விரல். அதற்கு அடுத்தது. ஐந்தும் தளர்ந்ததும் நிறுத்திவிடுவார். முன்வரிசையில் ஒருவரை, ‘உங்களுக்கு என்ன அவசரம்?’ என்பது போலப் பார்ப்பார். பிறகு நடுவிரல் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு கையை மெல்லப் பின்னுக்கு இழுப்பார். மணிக்கட்டில் துணி சிக்கும். சிக்கினால் சிக்கட்டும் என்று இன்னொரு முறை நிறுத்துவார். கையுறை பாம்புச் சட்டை போல உரிந்து தரையில் விழும்போது தெரிவது என்ன? முழங்கை! பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும் எல்லாரிடமும் இருக்கும் முழங்கை. அதற்குத்தான் அந்த ஆரவாரம். அவர் அளவு நாற்பதா ஐம்பதா என்று அந்த நேரத்தில் எவரும் யோசிப்பதில்லை.

ஆகவே இன்று மாலையே ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பில் குக்கரை வையுங்கள். முதல் விசிலில் தொடங்கி, மூன்றாவது விசில் வருவதற்கு முன் கையுறை கழன்றுவிட்டால் தோல்வி, மறுபடி போடுங்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று பழகுங்கள். மேடையில் எதிரே கண்ணாடி இருக்காது.

இன்னொன்று, பயம் உடம்பில் தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறீர்கள். பாதிப் பயம் கொக்கியில் இருக்கிறது. சாட்டின் கையுறையோடு முதுகுக் கொக்கியைக் கழற்றிப் பாருங்கள், விரல் வழுக்கும். கையுறை பெரும்பாலும் முதலில் கழல்வதற்கு அழகோடு இந்த வேலைக் கணக்கும் காரணம். கொக்கிக்குப் பதில் டிச்சு பட்டன் வைத்துத் தையுங்கள். வெல்க்ரோ கிழியும் சத்தம் பாட்டை மீறிக் கேட்கும். ஜிப்பின் பல்லில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். ஆடும் உடையிலேயே, ஆடும் செருப்பிலேயே பத்து முறையாவது ஒத்திகை பாருங்கள். பதினோராம் முறை வயிற்றை நினைக்க நேரம் இருக்காது. எவ்வளவு களைவது என்பது உங்கள் முடிவு. கையுறையோடும் மேலங்கியோடும் நிறுத்திக்கொண்டு கைதட்டல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கைதட்டலும் கூச்சலும் அங்கே மரபு. நம் சபாக்களில் போல, வர்ணம் நடக்கும்போது கேன்டீன் தோசையைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்தத் தோசை பற்றி டிசம்பரில் தனியாக எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வயது என்று ஏதோ குற்றம் போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். லாஸ் வேகாஸில் பர்லெஸ்குக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஆண்டு விழாவில் 1950களிலும் 60களிலும் ஆடியவர்கள், எழுபது, எண்பது வயதில் மேடை ஏறி ஆடியிருக்கிறார்கள். 2006இல் லாஸ் வேகாஸுக்குப் போகும்வரை அது கலிபோர்னியாப் பாலைவனத்தில் இருந்தது. ஜென்னி லீ என்ற முன்னாள் ஆட்டக்காரி தொடங்கியது; அவருக்குப் பிறகு டிக்சி எவன்ஸ் என்ற இன்னொரு முன்னாள் ஆட்டக்காரி கட்டிக் காத்தார். அந்த இடம் முன்பு ஆட்டுப் பண்ணை. தமிழில் மட்டுமே சிரிக்க முடிகிற செய்தி இது என்பதால் விட மனம் வரவில்லை.

கடைசியாக, இந்தப் பக்கத்தின் உச்சியில் இருக்கும் என் புகைப்படம் பற்றி. ‘இவ்வளவு முடியோடு உங்களை எந்த விழாவிலும் பார்த்ததில்லையே’ என்று மாதம் நாலு கடிதமாவது வருகிறது. படம் 1996இல் எடுத்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்கச் சொன்னார் புகைப்படக்காரர், பிடித்தேன். மாற்றுவதாக இல்லை.