தாய்மாமனிடம் காட்டாத முழங்கால்

கேள்வி: என் மகனுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் நடனமும் நடன அமைப்பும் பட்டப்படிப்பாகப் படிக்கிறான். மூன்று வருஷப் படிப்பு, இப்போது இரண்டாம் வருஷம் முடியப்போகிறது. பிடிவாதம் பிடித்துச் சேர்ந்தான், நாங்களும் அரைமனதாகச் சம்மதித்தோம். ஆனால் படிக்கிற மாதிரியே தெரியவில்லை. ஒரு நாள் தாளில் கட்டம் கட்டமாக ஏதோ வரைகிறான், ஒரு நாள் தரையில் மல்லாந்து கிடக்கிறான். கேட்டால் இதுதான் பாடம் என்கிறான். இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று அவன் அப்பா தினமும் கேட்கிறார், அவனிடம் பதில் இல்லை. சொந்தத்தில் எல்லோரிடமும் பி.காம். படிப்பதாகத்தான் சொல்லியிருக்கிறோம். இதற்கு நடுவில் நாலு மாதமாக வலது முழங்காலில் வலி. என் தம்பி பிசியோதெரபிஸ்ட்தான். ஆனால் அவனிடம் காட்டினால் எப்படி வந்தது என்று கேட்பான். அதனால் தைலம் தேய்த்துக்கொண்டு போய்வருகிறான். மீதி ஒரு வருஷத்தையும் முடிக்கட்டும் என்று விடலாமா, இப்போதே நிறுத்தி வேறு படிப்பில் சேர்க்கலாமா?

– பெயர் வேண்டாம், ஒரு தாய்

பதில்: வேலை கிடைக்குமா, நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளோடு எனக்கு வருகிற கடிதங்களுக்குக் குறைவே இல்லை. நடனம் என்ற இடத்தில் ஓவியம், இசை, நாடகம் என்று மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் தம்பி பிசியோதெரபிஸ்ட். உங்கள் மகனுக்கு நாலு மாதமாக முழங்கால் வலி. இருந்தும் மாமன் கையில் மருமகனின் கால் இன்னும் போகவில்லை, ஏனென்றால் மாமன் கேள்வி கேட்பான்.

கேட்கட்டுமே அம்மா! கேட்பதற்குத்தானே மாமன்?

நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் பொய்யையும் வலியையும் தனித்தனி விஷயங்களாக நினைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பி.காம். ஒரு வாக்கியம், முழங்கால் அடுத்த வாக்கியம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசக்கூடாது என்று ஒரு பொய்யைச் சொன்னீர்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இப்போது பிள்ளையின் காலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது கடுமையான பேச்சு என்று தோன்றினால், உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முதலில் காலைப் பற்றிப் பேசிவிடுகிறேன், அதுதான் அவசரம். நடனம் படிக்கிற பிள்ளைகளுக்கு முழங்கால் வலி வருவது அபூர்வமில்லை. பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்கச் சொல்லும் நடனமுறைகள் பல உண்டு. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு அவ்வளவு திரும்பாதபோது, கண்ணாடியில் அழகாகத் தெரியவேண்டும் என்று பாதத்தை மட்டும் இழுத்து வைத்தால், நடுவில் இருக்கிற முழங்கால்தான் முறுக்கிக்கொள்ளும். அது முக்கியமாக மடங்கி நிமிர்வதற்கான மூட்டு, முறுக்கைத் தாங்குவதற்கு அமைந்ததில்லை. குதித்து இறங்கும்போதோ உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அதன்மேல் விழுகிறது. காலையில் பயிற்சி, மாலையில் ஒத்திகை என்று களைத்த காலோடு திரும்பத் திரும்பக் குதித்தால் சின்ன வலி பெரிய வலியாகும். உங்கள் மகனுக்கு இதில் எது என்று இங்கே உட்கார்ந்து நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் சொந்த வீட்டில் பிறந்தவர். நாலு மாதம் நீடிக்கிற வலிக்குத் தைலம் வைத்தியமே இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆடுகிறவர்களிடம் காயத்தை மறைக்கிற பழக்கம் பொதுவாகவே உண்டு. வலி என்று சொன்னால் ஒத்திகையிலிருந்து தள்ளிவிடுவார்களோ, நம் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். நல்ல ஆசிரியர்கள் படாதபாடு பட்டு அந்தப் பழக்கத்தை உடைக்கப் பார்க்கிறார்கள். அடிபட்ட மாணவனை வகுப்பின் ஓரமாக உட்கார வைத்து, மற்றவர்கள் ஆடுவதைக் கவனித்துக் குறிப்பெடுக்கச் சொல்வார்கள், அதுவும் படிப்புதான். வகுப்பில் சொல்லித்தருகிறார்கள் ‘மறைக்காதே’ என்று. வீட்டில் நீங்கள் சொல்லித்தருவது ‘மறை’ என்று. இருபது வயதுப் பையன் யார் பேச்சைக் கேட்பான்? பெற்றவர்கள் பேச்சைத்தான் கேட்டிருக்கிறான், பாவம்.

தரையில் மல்லாந்து கிடக்கிறான் என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. நடனத்தைப் பட்டப்படிப்பாக முதலில் கொண்டுவந்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம், 1926-இல். அதைச் செய்தவர் மார்கரெட் எச்டூப்ளர். அவர் மேடைக் கலைஞர் இல்லை. உயிரியல் படித்தவர், பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். மாணவிகளைத் தரையில் படுக்கவைத்து, உடல் எடையைத் தாங்கும் வேலையிலிருந்து கால்களுக்கு விடுதலை கொடுத்து, எந்த மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பும் என்று அவர்களே கண்டுபிடிக்கச் செய்தார். வகுப்பில் ஓர் எலும்புக்கூட்டையும் வைத்துப் பாடம் நடத்தினார். நடனம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததே உடற்கூறு வழியாகத்தான். உங்கள் மகன் தரையில் கிடந்து படிப்பதும், உங்கள் தம்பி தன் கல்லூரியில் படித்ததும் ஓரளவுக்கு ஒரே பாடம். மாமனும் மருமகனும் உட்கார்ந்தால் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச விஷயம் இருக்கிறது. அந்தப் பேச்சைத்தான் நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

கட்டம் கட்டமாக வரைவது அநேகமாக லபான் குறியீடாக இருக்கும், அதாவது நடன அசைவுகளைத் தாளில் எழுதிவைக்கும் முறை. ருடால்ஃப் லபான் என்ற நடன ஆசிரியர் 1928-இல் வெளியிட்டது. நெடுக்குக் கோடுகளுக்குள் கட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கும், கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கட்டத்தின் வடிவம் எந்தத் திசை என்று சொல்லும், அதற்குள் பூசியிருக்கும் விதம் உயரமா தாழ்வா என்று சொல்லும், கட்டத்தின் நீளம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். ஆடினவர் போன பிறகும் ஆட்டம் தாளில் நிற்கும். இன்றைக்கு அவன் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ‘இது எந்தக் கால்?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வருஷமாகக் கட்டணம் கட்டுகிறீர்கள், இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உரிமை என்றதும் அவன் அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காசு கட்டுகிற தகப்பன், இதனால் என்ன வரும் என்று கேட்பது நியாயம். கேட்காத தகப்பன்தான் தப்பு. பிடிவாதம் பிடித்துச் சேர்ந்த பிள்ளைக்குப் பதில் சொல்கிற கடமை இருக்கிறது. ‘உங்களுக்கெல்லாம் கலை புரியாது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாக இருந்தால் அவனுக்கும் என்னிடம் திட்டு உண்டு. படிப்பு முடிந்த முதல் இரண்டு வருஷம் என்ன செய்யப்போகிறான், யாரிடம் உதவியாளனாகச் சேரப் பார்க்கிறான், வீட்டிலிருந்து எவ்வளவு நாள் உதவி எதிர்பார்க்கிறான் என்று அப்பா முன்னால் உட்கார்ந்து வாய்திறந்து சொல்லட்டும். அவன் பெரியவன். வலியை மறைக்கச் சொன்னது நீங்கள் என்றாலும், நாலு மாதம் அதற்கு உடந்தையாக இருந்தது அவன்தான்.

சரி, வேலை. உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். மாதச் சம்பளத்தோடு ஆடிக்கொண்டே இருக்கிற இடங்கள் உலகத்தில் எங்கேயுமே குறைவு. இந்தப் படிப்பு முடித்தவர்களில் பலர் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துத்தான் பிழைக்கிறார்கள். கற்றுக்கொடுப்பார்கள், இன்னொருவர் அமைத்த நடனத்துக்கு ஒத்திகை நடத்துவார்கள், படங்களில் உதவியாளராக இருப்பார்கள், மேடை நிர்வாகமும் விளக்கமைப்பும் பார்ப்பார்கள். முதியவர்களோடும் குழந்தைகளோடும் அசைவுப் பயிற்சி நடத்துகிறவர்களும் உண்டு. பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் இதற்குமேல் ஆசிரியர் பயிற்சியும் தேவைப்படலாம். வருமானம் ஏறும் இறங்கும். இது தெரிந்துதான் அவன் போகவேண்டும், இது தெரிந்துதான் நீங்கள் அனுப்பவேண்டும்.

ஆனால் நடனம் ஆடுவதற்கும் அமைப்பதற்கும் வயது விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவின் புகழ்பெற்ற நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் எழுபதைத் தாண்டிய பிறகுதான் மேடையில் ஆடுவதை விட்டார், தொண்ணூறைத் தாண்டியும் நடனம் அமைத்துக்கொண்டிருந்தார். அந்நாட்டின் இன்னொரு நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் ஒரு படைப்பு 2009-இல் அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளன்று மேடையேறியது. அமைக்கிறவனுக்கு நீண்ட ஆயுள் உண்டு. அதற்கு இருபதாவது வயதிலேயே காலைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவேண்டும்.

கிரஹாம் பெயரை எடுத்ததால் ஒரு இடைச்செருகல். அவர் 1991-இல் இறந்தபின், அவர் அமைத்த நடனங்கள் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது. அவற்றில் பெரும்பகுதி, அவர் சம்பளம் வாங்கி வேலை செய்த அவருடைய சொந்த அமைப்புக்கே சேரும் என்று நீதிமன்றம் 2002-இல் தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. உங்கள் மகன் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் கையெழுத்துப் போடுமுன் தாளைப் படிக்கட்டும். பி.காம். பொய்க்குப் பதிலாக உண்மையிலேயே கொஞ்சம் கணக்கும் ஒப்பந்தமும் கற்றுக்கொண்டால் நல்லதுதான்!

இப்போது நிறுத்துவது பற்றி. நீங்கள் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நிறுத்துவதற்கான காரணம் இல்லை. கால் வலிக்கு வைத்தியம் செய்ய வேண்டும். அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊர்ப்பேச்சுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. வெறுமனே ஆடத்தான் ஆசை, அமைப்பதிலும் படிப்பதிலும் ஆர்வமில்லை என்றால், பல்கலைக்கழகத்தைவிட ஒரு நல்ல குருவோ குழுவோ அவனுக்குப் போதும் என்று நானே சொல்லியிருப்பேன். இந்தப் படிப்பு அப்படிப்பட்டவர்களைப் படுத்திவைக்கும். மூன்றே அசைவுகளை வைத்து ஒரு நிமிடம் அமைத்து வா என்பார்கள். கொண்டு போனால், இசையை எடுத்துவிட்டுக் காட்டு, நாலு பேருக்கு மாற்றிக் காட்டு, பின்னாலிருந்து முன்னால் ஆடிக் காட்டு என்று குடைவார்கள். கூடப் படிக்கிறவர்கள் முன்னால் வைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். தானாக உட்கார்ந்து கட்டம் வரைகிற பையன் அந்தக் குடைச்சலைத் தேடிப் போனவனாகத்தான் எனக்குப் படுகிறான். மூன்றில் இரண்டு பங்கு முடித்தவனை இழுத்து வராதீர்கள்.

சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். இந்தப் பொய் எத்தனை நாள் ஓடும் என்று யோசித்தீர்களா? இம்மாதிரிப் படிப்புகளில் கடைசி வருஷத்தில் பெரும்பாலும் மாணவன் சொந்தமாக ஒரு நடனம் அமைத்து மேடையேற்ற வேண்டியிருக்கும். விளக்கு, உடை, ஆடுகிறவர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அழைப்பிதழில் அவன் பெயர் இருக்கும். மற்ற பிள்ளைகளின் வீட்டிலிருந்து அப்பா அம்மா சித்தி பெரியப்பா என்று வந்து உட்கார்வார்கள். உங்கள் வீட்டு வரிசையில் நீங்கள் ஒருவர் மட்டும், அதுவும் தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரப்போகிறீர்களா? அப்புறம், இந்தத் தொழிலில் வேலை என்பது பெரும்பாலும் யாரோ பார்த்து, யாரோ யாரிடமோ சொல்லித்தான் வருகிறது. தன் ஆட்டத்தைப் பத்துப் பேர் பார்க்க வெளியிட முடியாமல், பெயரையும் போட முடியாமல் வைத்துவிட்டு, வேலை எங்கே என்று தினமும் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

எனக்கு இந்த விஷயத்தில் பழைய காலத்துப் பிடிவாதம் உண்டு. பிள்ளை ஆசைப்பட்டதைப் பெற்றவர்கள் மறுக்கலாம். முடியாது, எங்களால் தாங்காது என்று நேராகச் சொல்கிற வீட்டை நான் மதிக்கிறேன். ஆனால் சம்மதித்த பிறகு அந்தச் சம்மதத்தை ஒளித்துவைக்கக் கூடாது. அரைமனதாகச் சம்மதித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குக் கிடைத்தது பாதிச் சம்மதமும் இல்லை, உள்ளே சரி என்றும் வெளியே இல்லை என்றும் ஒரு சம்மதம். உறவு என்று இத்தனை பேர் இருப்பது கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போவதற்கு மட்டுமா? ஒரு கால் வலிக்கும்போது ஓடிவருகிற உரிமையை உங்கள் தம்பியிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். அவருக்கு இது தெரியவரும்போது, மருமகன் நடனம் படிக்கிறான் என்பதற்காகக் கோபப்பட மாட்டார், ‘என்னிடம்கூடச் சொல்லவில்லையா அக்கா’ என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். பையனை முன்னால் தள்ளாதீர்கள்.

இதைப் படித்த கையோடு தம்பிக்குப் போன் போடுங்கள். முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லுங்கள், அடுத்தது காலைப் பற்றி. நடுவில் ‘அவன் ஆசைப்பட்டான், நாங்கள் என்ன செய்ய’ என்று இழுக்க வேண்டாம். உங்கள் கணவர் பக்கத்துச் சொந்தங்களுக்கு அவரே சொல்லட்டும், அது அவர் வேலை. பையன் மாமனைப் பார்க்கப் போகும்போது, வலி எப்போது ஆரம்பித்தது, குதித்து இறங்கும்போதா உட்கார்ந்து எழும்போதா எப்போது கூடுகிறது, வாரத்துக்கு எத்தனை மணிநேரம் ஆடுகிறான் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகட்டும். ஆடும்போது போடுகிற காலணி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போகட்டும். மாமன் ஸ்கேன் எடு என்றால் எடுங்கள், எலும்பு மூட்டு மருத்துவரிடம் போ என்றால் போங்கள். ஆறு வாரம் குதிக்காதே என்று அவர் சொன்னால், அந்தக் குறிப்பை அவன் மறுநாளே துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும்.