குடும்பத்தோடு வெளிநாட்டு லாட்ஜில் தங்கி பாஸ் மீன் பிடிக்கப் போவது செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுமா?

தகும். எங்கள் வீட்டில் நால்வரையும் தனித்தனியாகக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் எந்த லாட்ஜ் என்பதைவிட எந்த வாரம் என்பதை யோசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களுக்கு அதைப் போன பிறகுதான் ஒரு மீன் சொல்லிக்கொடுத்தது.

நாங்கள் இருப்பது மினியாபொலிஸில். போனது எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரிக்கு. நான், மனைவி, 11 வயது மகள், திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்த அப்பா. சென்ற ஆண்டு ஜூன் இரண்டாம் வாரம், ஐந்து இரவுகள்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஓட்டல்களில் 'சீ பாஸ்' என்று போடுவது கொடுவா. இது அது இல்லை. இது வட அமெரிக்க நன்னீர் மீன். லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்று முக்கியமாக இரண்டு உண்டு. வாயை மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் லார்ஜ்மவுத், தாண்டாவிட்டால் ஸ்மால்மவுத். பாறையும் தெளிந்த குளிர்நீரும் இருக்கும் இடம் ஸ்மால்மவுத்துக்குப் பிடிக்கும். வெண்கல நிறம், பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், கண்ணில் ஒரு செம்மை. ஒரு கிலோ மீன் தூண்டிலில் சிக்கியதும் தண்ணீரைவிட்டு முழுசாக வெளியே துள்ளி, தலையை உதறி, முள்ளைத் துப்பப் பார்க்கும். சின்ன வயதில் குளத்தில் விரால் பிடித்தவர்களுக்கு அந்தக் கை அதிர்ச்சி உடனே புரியும்.

அடுத்தது விசா. பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் பாஸ்போர்ட்டும் கார்டும் போதும். அப்பாவைப் போல அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கும் கனடா விசா கட்டாயம். கைரேகையும் கொடுக்க வேண்டும். அப்பாவுக்காக ஜனவரியிலேயே விண்ணப்பித்தோம். லாட்ஜுக்கு முன்பணம் கட்டியது விசா கைக்கு வந்த பிறகுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அறைகளை நினைக்க வேண்டாம். இங்கே அது ஏரிக்கரையில் ஏழெட்டு மரவீடுகள், ஒரு படகுத்துறை, மீன் வெட்ட ஒரு கொட்டகை. இரண்டு விதமாக வாடகைக்கு விடுகிறார்கள். 'அமெரிக்கன் பிளான்' என்றால் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்களுடையது. 'ஹவுஸ்கீப்பிங்' என்றால் அடுப்பும் பாத்திரமும் மட்டும் அவர்களுடையது, சமையல் நம்முடையது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். செலவும் குறைவு. குக்கரும் அரிசியும் ரசப்பொடியும் கொண்டு போயிருந்தோம். நாள் முழுக்கக் குளிர்காற்றில் படகில் இருந்துவிட்டு வந்து, சாயங்காலம் அப்பா மிளகு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்ததைப் பார்த்தபோது, எடுத்த முடிவு சரிதான் என்று பட்டது.

மினியாபொலிஸிலிருந்து இன்டர்நேஷனல் ஃபால்ஸ் வரை ஐந்து மணி நேரம். அங்கே பாலம் தாண்டினால் ஃபோர்ட் ஃபிரான்சிஸ், கனடா. பிறகு 71-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் நெஸ்டர் ஃபால்ஸ், அதைத் தாண்டி சூ நேரோஸ். உயிருள்ள சிறுமீன்களை இரைக்காக எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி இல்லை. பிளாஸ்டிக் புழுக்களையும் ஜிக் எனப்படும் ஈயத்தலை முட்களையும் கொண்டு போங்கள், பாஸுக்கு அதுவே தாராளம். 18 வயதுக்குக் கீழ் உள்ள வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி மீன்பிடி உரிமம் தேவையில்லை. உரிமம் உள்ள பெரியவர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளை பிடிப்பது அந்தப் பெரியவர் கணக்கில் சேரும்.

ஏரியைச் சொல்லி மாளாது. ஒன்டாரியோ, மானிடோபா, மினசோட்டா மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. 14,000-க்கும் மேற்பட்ட தீவுகள். எல்லாத் தீவும் ஒரே அச்சு: கருங்கல் பாறை, அதன் மேல் பைன் மரம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் பூமி இது. நீரை ஒட்டிய சில பாறைகளில் அவர்களுடைய முன்னோர் செங்காவியால் வரைந்த ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் அங்கே புகையிலை வைத்து வணங்குவார்கள் என்று கைடு சொன்னார். அப்பா செருப்பைக் கழற்றிப் படகிலேயே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எங்களில் யாரும் அந்த ஓவியங்களைத் தொடவில்லை.

முதல் நாள் கைடு வைத்துக்கொண்டோம். அந்த ஒரு நாள் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்கே பாறை தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயால் கேட்டால்தான் தெரியும். உயிர்காப்பு அங்கி விஷயத்தில் அப்பாவுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம்.

"வெட்டாத்துல வெள்ளத்துல நீந்துனவன்டா நான். எனக்கு எதுக்கு இது?"

"வெட்டாறு இப்படிக் குளிராதுப்பா. விழுந்த ஒடனே மூச்சு அடைச்சிரும்."

ஜூனில் அந்தத் தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸ்தான். கையை விட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் நாங்களே படகை எடுத்துக்கொண்டு போனோம். காற்றில்லாத ஒரு சின்ன வளைகுடா. தண்ணீர் கண்ணாடி. கரையில் விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு ஆழத்தில், முறம் அளவுக்கு ஒரு வெளிறிய வட்டம் தெரிந்தது. சுற்றிலும் பாசி படிந்த கருங்கல். வட்டத்துக்குள் மட்டும் கழுவி வைத்ததுபோல் கூழாங்கல். அதன் மேல் ஒரு மீன் அசையாமல் நின்றது. நான் ஜிக்கை வீசினேன். வட்டத்தின் ஓரத்தில் விழுந்ததும் அந்த மீன் அதை வாயில் கவ்விக்கொண்டு வெளியே கொண்டுபோயிற்று. சுண்டினேன். நல்ல ஆட்டம். படகுக்குக் கொண்டுவந்து அளந்தால் 43 செ.மீ. அந்தப் பயணத்தில் அதுவரை பிடித்ததில் பெரியது.

மகள் போனை எடுத்தாள். நான் மீனின் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். ஒரு படம், இன்னொரு படம், மனைவியோடு ஒரு படம். அப்பா எங்கள் பக்கமே திரும்பவில்லை. நீரின் மினுமினுப்பைத் தடுக்கும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்றைக் கைடு கொடுத்திருந்தார், அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அத விட்ருப்பா. அங்க பாரு."

எட்டிப் பார்த்தேன். வட்டத்துக்குள் விரல் நீளத்தில் மஞ்சள் மீன்கள், பெர்ச், நாலைந்து இறங்கியிருந்தன. தலையைக் கீழே கவிழ்த்துக் கூழாங்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு வந்தன. கல்லோடு கல்லாக ஒட்டியிருந்த முட்டைகளை அவை தின்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மீனைத் தண்ணீரில் விட்டேன். படகுக்கு அடியில் புகுந்து நேராக அந்த வட்டத்துக்குப் போயிற்று. பெர்ச் எல்லாம் சிதறின. ஒன்றைச் சற்றுத் தூரம் துரத்திவிட்டுத் திரும்பி வந்து, வட்டத்தின் மேல் நின்று, துடுப்புகளை மெல்ல விசிற ஆரம்பித்தது.

"நம்மூர் விராலும் இப்படித்தாம்மா," என்றார் அப்பா மகளிடம். "பார்ப்பு, அதான் குஞ்சுங்க, செகப்பா பந்து மாதிரி மேல வந்து மூச்சு வாங்கும். அடியில தாயும் தகப்பனும் நிக்கும். தவள குதிச்சாக்கூட பாஞ்சு வரும். அந்த நேரத்துல தூண்டி போட்டா ஒடனே மாட்டும். எங்கப்பா போட விடமாட்டாரு."

"இது அம்மா மீனா தாத்தா?"

தாத்தா என்னைப் பார்த்தார். ராத்திரி லாட்ஜில் வைஃபை கிடைத்ததும் படித்துப் பார்த்து அவளுக்குச் சொன்னேன். ஸ்மால்மவுத்தில் கூடு கட்டுவதும் காப்பதும் ஆண்தான். வாலால் விசிறி மண்ணை ஒதுக்கிக் கூழாங்கல்லைச் சுத்தப்படுத்துவது அதுதான். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு வாரக்கணக்கில், முட்டை பொரிந்து, கறுப்புக் குஞ்சுகள் கூட்டைவிட்டு மேலெழுந்து கலைந்து போகும்வரை அப்பா மீன்தான் காவல். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அப்படியானால் என் ஜிக்கை அது கவ்வியது பசிக்கு இல்லை. முட்டைக்கு வந்த எதிரியைத் தூக்கி அப்பால் போட.

பல லாட்ஜ்கள் ஜூனைத்தான் 'பாஸ் கொட்டும் மாதம்' என்று விளம்பரப்படுத்துகின்றன. கொட்டும், உண்மைதான். கொட்டுவதற்குக் காரணம் இதுதான். கரையோரமாக ஒவ்வொரு கூட்டிலும் ஒரு தகப்பன் நிற்கிறது, எதைப் போட்டாலும் பாய்கிறது. பிடித்துவிட்டு விட்டுவிடுகிறோமே என்பதும் போதாது. போட்டோ எடுக்கும் இரண்டு நிமிஷத்தில் முட்டைகள் போய்விடுகின்றன. நான் கண்ணால் பார்த்தேன். இந்த வடக்குக் குளிரில் ஒரு பாஸ் 45 செ.மீ. வளரப் பத்து வருஷம் வரை ஆகலாம். நாங்கள் போன மீன்பிடி மண்டலத்தில் ஜூன் 30 வரை 35 செ.மீ.க்கு மேற்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதியே இருக்கிறது. விதி மாறும், போகும் வருஷத்து அறிவிப்பைப் பாருங்கள். ஆனால் கூட்டில் நிற்கும் மீனுக்குத் தூண்டில் போடக் கூடாது என்பதற்கு எனக்கு இனி விதி தேவையில்லை. மீன்தான் குறி என்றால் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ போங்கள். குஞ்சுகள் கலைந்திருக்கும், பாஸ் பாறைத் திட்டுகளில் உண்மையாகவே பசியோடு இருக்கும், கொசுவும் சற்றுக் குறைந்திருக்கும். ஜூன் கொசுவுக்குத் தலைக்கு வலை இல்லாமல் முடியாது.

மீதி மூன்று நாளும் கரையை விட்டு விலகி, ஆழத்தில் வால்ஐ என்ற மீனைப் பிடித்தோம். கனடாவில் பிக்கரல் என்பார்கள். முள் குறைவு, வெள்ளைச் சதை, சாப்பிட அந்த ஏரியில் அதுதான். ஒரு தீவில் இறங்கிக் கல் கூட்டி, என் மனைவி மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சை பிரட்டி இரும்புச் சட்டியில் வறுத்தாள். "மாமா, உப்பு போதுமா?" என்று கேட்டதற்கு அப்பா தட்டை மறுபடியும் நீட்டினார்.

நாலாம் நாள் ஒரு பயமும் பட்டோம். தீவுகளுக்குள் வழி தவறி முக்கால் மணி நேரம் சுற்றினோம். போனில் சிக்னல் கிடையாது. அவசரத்தில் வேகமாகப் போய் மோட்டாரின் விசிறி பாறையில் தட்டிவிட்டது. முந்தின ராத்திரி இறக்கி வைத்திருந்த ஏரி வரைபடம் போனில் இருந்ததால் மெதுவாகத் திரும்பி வந்தோம். லாட்ஜில் தரும் காகித வரைபடம், போன் வரைபடம் இரண்டும் கையில் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு துறையை விட்டுக் கிளம்பாதீர்கள். ஆளுக்கொரு போலரைஸ்டு கண்ணாடியும் வாங்குங்கள். தண்ணீர் மேல் மினுமினுப்பு போய் அடி தெரியும். பாறையும் தெரியும், கூடும் தெரியும்.

கடைசி நாள் சாயங்காலம் மகள் ஒரு காரியம் கேட்டாள். தூண்டிலை எல்லாம் துறையிலேயே வைத்துவிட்டு அந்த வளைகுடாவுக்குப் போனோம். ஜூனில் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மோட்டாரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டோம். எங்கோ லூன் பறவை நீளமாகக் கூவியது. விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் வட்டம் அப்படியே இருந்தது. மேலுதட்டில் என் முள் பட்ட தழும்போடு அதே மீன் நின்றது. முட்டையில் எவ்வளவு மிச்சம் என்று மேலிருந்து தெரியவில்லை. ஆனால் அது விசிறிக்கொண்டிருந்தது. மகள் படகின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு இருட்டும்வரை பார்த்தாள்.

இந்த வருஷத்துக்கு ஆகஸ்டில் பதிவு செய்யலாம் என்று ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னேன். ஆண் மீன்கள் பெரும்பாலும் வருஷா வருஷம் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கூடு கட்டும் என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறது. "ஆகஸ்டுல போனா அது அங்க இருக்காதேப்பா. ஜூன்லயே போவோம். மீனு வேற எடத்துல புடிச்சுக்கலாம்," என்றார். ஜூனுக்கே முன்பணம் கட்டியிருக்கிறேன்.