850 வெள்ளி வாடகையில் கையில் நிற்பது எவ்வளவு?

கேள்வி: மலேசியாவில், சுங்கை பட்டாணியில் 1999-இல் வாங்கிய அடுக்குமாடி வீட்டை 850 வெள்ளிக்கு (ரிங்கிட்) மாத வாடகைக்கு விட்டிருக்கிறேன். கடன் தீர்ந்துவிட்டது. பராமரிப்புக்கு மாதம் 150, சிங்கிங் பண்டுக்கு (பெரிய பழுதுகளுக்கான பொதுச் சேமிப்பு) 15 கட்டுகிறேன். மொத்தம் 120 வீடுகள். லிப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, குளியலறையில் மேலிருந்து ஒழுகுகிறது. 165,000-க்குக் கேட்கிறார்கள். விற்கலாமா? வயது 57.
– தோட்டத்தில் ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: ஆண்டு வாடகை 10,200. பராமரிப்பும் பண்டும் 1,980, வீட்டு வரி, நிலவரிக்கு 350 என்று வைப்போம். பழுதுக்கு 1,000, ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 850. மிச்சம் 6,020, விலையில் 3.6 விழுக்காடு. ஊழியர் சேமநிதி 2024-க்குக் கொடுத்த இலாப ஈவு 6.3 விழுக்காடு. அதற்காக உடனே அங்கே ஓடாதீர்கள். 55 வயதுக்குப் பிறகு போடும் பணம் சேமநிதியின் எமாஸ் கணக்கில் விழும். 60 வயது வரை எடுக்க முடியாது. சொந்தமாகச் செலுத்த ஆண்டுக்கு 100,000 வெள்ளிதான் வரம்பு.

உண்மையில் முடிவு லிப்டின் கையில் இருக்கிறது. எல்லாரும் ஒழுங்காகக் கட்டினாலும் உங்கள் பண்டில் ஆண்டுக்குச் சேர்வது 21,600. புது லிப்டுக்கு 300,000 கேட்டால் 14 ஆண்டு சேமிப்பு வேண்டும்; இல்லையென்றால் வீட்டுக்குச் சராசரியாக 2,500 கேட்பார்கள். நிர்வாகத்திடம் தணிக்கை செய்த கணக்கை வாங்கிப் பண்டின் இருப்பையும் கட்டாதவர்களின் பாக்கியையும் பாருங்கள். இருப்பு 100,000-க்குக் கீழே என்றால் விற்பதே நல்லது. நிறைய இருந்தால் 60 வரை வைத்திருக்கலாம்.

ஒழுக்கை எதற்கும் இப்போதே சரிசெய்யுங்கள். தோட்டத்து லயத்து வீட்டில் ஒழுகினால் கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) சொன்னால் போதும். இங்கே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் 7 நாளுக்குள் வந்து பார்க்கவேண்டும். வேறு காரணம் நிரூபணமாகும் வரை மேல்வீடே காரணம் என்றுதான் சட்டம் கொள்ளும். பெரும்பாலும் மேல்வீட்டுத் தரையின் நீர்க்காப்புப் பூச்சு போயிருக்கும். கீழே சாயம் அடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி கறை வரும்.

விற்பதானால், ஐந்து ஆண்டு தாண்டிய சொத்துக்குக் குடிமக்கள் சொத்து இலாப வரி கட்டவேண்டியதில்லை. ஆனால் 60 நாளுக்குள் படிவம் மட்டும் அனுப்பியாகவேண்டும். ஏஜெண்டுக்கு 3 விழுக்காடு என்றால் 4,950. ஸ்ட்ராட்டா கிராண்ட் (அடுக்குமாடி வீட்டின் தனி உரிமைப் பத்திரம்) உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குத்தகை நிலமானால் மாநில அரசின் ஒப்புதலுக்கே சில மாதங்கள் போகும். குடியிருப்பவரோடு விற்றால், அவர் கொடுத்த முன்பணம் வாங்குபவரிடம் மாறுவதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.