வயலில் கிடைத்த காசு: வாசகர் கேள்விகள்

திருநெல்வேலியில் பிறந்து, இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நர்ஸாக வேலை பார்க்கிறார் இவர். ஓய்வு நாட்களில் மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் பழங்காசு தேடுவது இவருடைய பொழுதுபோக்கு. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார்.

அக்கா, அந்த மிஷின் மண்ணுக்குள் இருப்பது தங்கமா, வெள்ளியா என்று சொல்லிவிடுமா?
– வாசகி, சேலம்

சொல்லாதும்மா. அப்படிச் சொல்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கம்பின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் ஓடும்போது தட்டைச் சுற்றி ஒரு காந்தப் புலம் உண்டாகும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் கொஞ்சம் மின்னோட்டம் பிறக்கும். அதை மிஷின் உணர்ந்து ஹெட்போனில் சத்தமாகத் தரும். இரும்பு ஆணி என்றால் அடித்தொண்டையில் உறுமும். வெள்ளி, செம்பு என்றால் உச்சத்தில் பாடும். சிக்கலே இரண்டுக்கும் நடுவில்தான். மெல்லிய தங்க மோதிரம், சாக்லேட் சுற்றிய தாள், குளிர்பான டின்னைத் திறக்கும் வளையம் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் காசு அளவுள்ள பொருள் என்றால் ஒரு சாண் ஆழம்வரைதான் நன்றாகக் கேட்கும்.

இங்கே அதிகம் வருபவை துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம், கோட்டுப் பித்தான், ஈயக் கட்டி. நடுநடுவே காசு. எனக்கு மிகவும் பிடித்தது பெரிய காசு இல்லை, நான்கு துண்டாக வெட்டியதில் ஒரு கால் துண்டு, பென்னி என்ற அந்தக் காலத்து வெள்ளிக் காசினுடையது. இங்கே 1279 வாக்கில் எட்வர்ட் மன்னர் வட்டமான அரைப் பென்னியும் கால் பென்னியும் புழக்கத்தில் விட்டார். அதுவரை முழுப் பென்னியை வெட்டித்தான் சில்லறை ஆக்கினார்கள். காசின் பின்பக்கம் ஒரு சிலுவை இருக்கும், அதன் கோட்டின் மேலேயே கத்திரி போகும். கையில் எடுத்தால் இருக்கிறதா என்றே தெரியாத எடை. இரண்டு ஓரம் நேராக, ஒரு ஓரம் வளைவாக இருக்கும். வளைந்த ஓரத்தில் காசை அடித்தவர் பெயரிலிருந்தோ ஊர்ப் பெயரிலிருந்தோ இரண்டு எழுத்து மிஞ்சியிருக்கும். வெட்டிய இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கத்திரி சற்று விலகிப்போன தடம்கூடத் தெரியும். சந்தைக்கு வந்த யாரோ ரொட்டிக்கோ பீருக்கோ கொடுக்க வைத்திருந்த சில்லறை அது. மன்னர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆள் மண்ணில்தான் இருக்கிறார்.

இதில் நல்ல வருமானம் உண்டா?
– வாசகர், திருச்சி

இல்லை. மிஷின், பூட்ஸ், பெட்ரோல் செலவுக்குக்கூடக் கட்டாது. பணத்துக்காக வருகிறவர்கள் ஒரு மழைக்காலம் தாண்ட மாட்டார்கள்.

லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பையனுக்கு ஒரு டிடெக்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். பக்கத்துப் பூங்காவில் தேடலாமா?
– வாசகர், ஹாரோ

பூங்காவுக்கும் சொந்தக்காரர் உண்டு, அது கவுன்சில். இங்கே எந்த நிலமும் யாரோ ஒருவருடையதுதான். அவர் அனுமதி இல்லாமல் மிஷினைக் கீழே இறக்கக் கூடாது. தேம்ஸ் கரை மண்ணுக்குக்கூட லண்டன் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தேடினால் அது குற்றம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ரோமானிய நகரம் மண்ணுக்குள் கிடக்கிறது. வேலி ஓரமாக நடந்து பார்த்துவிட்டு வருவேன், மிஷினைக் காரிலிருந்து எடுக்கமாட்டேன்.

விவசாயியிடம் கேளுங்கள். நேரில் போய்க் கேளுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்தால் எப்படிப் பங்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் உள்ள வாரங்கள்தான் நமக்கு. தோண்டிய குழியை அன்றே மூட வேண்டும், வெளியே வந்த இரும்பையும் ஈயத்தையும் வயலில் போடாமல் எடுத்து வந்துவிட வேண்டும். அடுத்த வருடம் அந்தக் கதவு திறக்குமா திறக்காதா என்பது இதில்தான் இருக்கிறது.

சட்டம் இதுதான்: 300 வருடத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 1996-ம் வருடச் சட்டப்படி அது புதையல். செம்பு, வெண்கலக் காசு என்றால் பத்து. பதினான்கு நாளுக்குள் கொரோனருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆமாம், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான். மியூசியம் எடுத்துக்கொண்டால் மதிப்பை ஒரு குழு நிர்ணயிக்கும், அந்தத் தொகையைக் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் பிரித்துக்கொள்வது வழக்கம்.

ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனாலும் அதைப் பதிவு செய்யுங்கள். 1997-லிருந்து இங்கே போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பகுதிக்கு ஒரு அலுவலர் இருப்பார். கொண்டுபோய்க் காட்டினால் படமெடுத்து, எடை போட்டு, கிடைத்த இடத்தையும் எழுதிக்கொண்டு காசை நம்மிடமே திருப்பித் தந்துவிடுவார். பையனை அங்கே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். மிஷினைவிட அதுதான் அவனைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பானை நிறையக் காசு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?
– வாசகி, மதுரை

கையை எடுத்துவிடுவேன்.

2010 ஏப்ரலில் சாமர்செட் பகுதியில் ஃப்ரூம் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் கிறிஸ்ப் என்பவர் இதைத்தான் செய்தார். வித்தியாசமாக ஒரு சத்தம் கேட்டுத் தோண்டினார். முதலில் ஒரு சின்னக் காசு, அப்புறம் ஒரு பானையின் வாய். உள்ளே காசு இருப்பது தெரிந்துவிட்டது. அவர் மேலே தோண்டவில்லை. குழியை மூடிவிட்டுத் தொல்லியல்காரர்களைக் கூப்பிட்டார்.

அவர்கள் வந்து மூன்று நாள் தோண்டினார்கள். உள்ளே இருந்தவை 52,503 ரோமானியக் காசுகள், எடை சுமார் 160 கிலோ. பானையை அப்படியே தூக்கியிருந்தால் உடைந்திருக்கும். அதனால் மண்ணுக்குள் இருந்தபடியே அடுக்கு அடுக்காகக் காசுகளை எடுத்து, எந்த அடுக்கில் எவை என்று தனித்தனிப் பையில் போட்டுக் குறித்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பலன் இருந்தது. பானையில் இருந்தவற்றிலேயே கடைசிக் காலத்தவை காரௌசியஸ் காசுகள். ரோமை எதிர்த்து கி.பி. 286-லிருந்து 293 வரை பிரிட்டனைத் தனியாக ஆண்டவர் அவர். வருடா வருடம் யாரோ சேமித்து வந்த உண்டியல் என்றால் அவை மேலே அல்லவா இருக்க வேண்டும்? அவற்றில் பெரும்பாலானவை பானையின் பாதிக்கும் கீழே கிடந்தன. ஆக, எல்லாக் காசையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். பானையும் மெல்லிசு, இத்தனை எடையோடு யாரும் சுமந்து வந்திருக்க முடியாது. முதலில் பானையைப் புதைத்துவிட்டு, பிறகு பைகளிலோ சின்னக் கலயங்களிலோ கொண்டுவந்து அதற்குள் கொட்டியிருக்க வேண்டும். திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல், தெய்வத்துக்கு ஊரார் சேர்ந்து போட்ட காணிக்கையாக இருக்கலாம் என்றுகூட ஆய்வாளர்கள் யோசிக்கிறார்கள்.

கிறிஸ்ப் ஆசைப்பட்டு அன்று மாலையே பையில் வாரிப்போட்டிருந்தால் காசு அத்தனையும் இருந்திருக்கும், இந்தச் சேதி ஒன்றுகூட இருந்திருக்காது. மதிப்புத் தொகை 3,20,250 பவுண்டு, அவருக்கும் நிலத்துக்காரருக்கும் கிடைத்தது. காசுகள் டான்டனில் சாமர்செட் மியூசியத்தில் இருக்கின்றன. போனால் பாருங்கள், பானையையும் வைத்திருக்கிறார்கள்.

தொல்லியல் படிக்கிறேன். நீங்கள் எல்லோரும் குழி தோண்டித் தோண்டி வரலாற்றை அழிக்கிறீர்கள் என்றுதான் எங்கள் வகுப்பில் பேசிக்கொள்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?
– மாணவி, தஞ்சாவூர்

நியாயமான கோபம் அம்மா. இரவில் திருட்டுத்தனமாக வயலில் இறங்குகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். 2015-ல் ஹெர்ஃபோர்ட்ஷையரில் இரண்டு பேருக்கு ஒரு வைக்கிங் காலப் புதையல் கிடைத்தது. சுமார் 300 காசு இருந்திருக்கும் என்கிறார்கள். மறைத்து விற்றார்கள். வழக்கு முடிந்து 2019-ல் அவர்கள் சிறைக்குப் போனபோது மீட்கப்பட்டிருந்தவை முப்பது சொச்சம்தான். அவற்றில் சிலவற்றில், இங்கிலாந்தின் பழைய ராஜ்ஜியங்களில் ஒன்றான வெசெக்ஸின் ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்து ஒரு படம்: இரண்டு மன்னர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆல்ஃப்ரெட் பெயரிலும் அடித்திருக்கிறார்கள், பக்கத்து ராஜ்ஜியமான மெர்சியாவின் மன்னர் கெயோல்வுல்ஃப் பெயரிலும் அடித்திருக்கிறார்கள். வெசெக்ஸ்காரர்கள் எழுதிய வரலாற்றில் இந்தக் கெயோல்வுல்ஃப் வைக்கிங்குகளின் கைப்பொம்மை, விவரமில்லாதவர். காசோ இருவரையும் கூட்டாளிகளாகக் காட்டுகிறது. மீதிக் காசுகள் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் நாங்கள் தேடுவது டிராக்டர் வருடா வருடம் புரட்டிப்போடும் மேல்மண்ணில். அங்கே அடுக்கு என்று ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. கலப்பையும் உரமும் அந்தக் காசை அரித்துக்கொண்டே இருக்கின்றன. அதை எடுத்து, இடத்தைக் குறித்து, பதிவு செய்தால் அது உங்களுக்குப் பயன்படும் தகவல். உழவு மண்ணுக்குக் கீழே சத்தம் கேட்டால் அது உங்களுடையது, நான் தொடக் கூடாது. பதிவு செய்யாமல் சேர்த்து வைக்கிறவரை, அவர் அனுமதியோடுதான் எடுத்தார் என்றாலும், நான் நம் ஆள் என்று சொல்லமாட்டேன். அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் இப்படித் தேடுவதற்கே தடை. அங்கே நான் இருந்திருந்தால் இந்தப் பொழுதுபோக்கே இல்லை, அதிலும் தப்பு காணமாட்டேன்.

செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர். ஆன்லைனில் டிடெக்டர் கிடைக்கிறது. வாங்கிக் கோட்டையைச் சுற்றித் தேடலாமா?
– கல்லூரி மாணவர், விழுப்புரம் மாவட்டம்

வேண்டாம் தம்பி. செஞ்சிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே தோண்டுவது சட்ட விரோதம். உங்கள் சொந்தக் கொல்லையில் வாழைக்குக் குழி வெட்டும்போது தற்செயலாகக் கிடைத்தால்கூட 1878-ம் வருடப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்து எடுத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஜெயில் வரை போகலாம். இங்கிலாந்தில் இருப்பதுபோல் ஒற்றைக் காசைக் காட்டிப் பதிந்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகும் ஏற்பாடு நம் ஊரில் இல்லை. அது வரும்வரை மிஷினை வாங்காதீர்கள்.

காசு மேல் ஆசை இருந்தால் எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள். கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்துவிட்டார்கள், அதையும் பாருங்கள். ஆங்கிலேயர் கால அணாவும் காலணாவும் பழங்காசு கடைகளில் கொஞ்சம் ரூபாய்க்கே கிடைக்கும், அதில் தொடங்கலாம்.

எங்கள் ஊரில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் ராஜா முகத்தில் வெட்டு இருக்குமாமே, ஏன்?
– வாசகர், புதுக்கோட்டை

1898-ல் கிடைத்த புதையல், 501 தங்கக் காசு. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. மறுபடி ரோமானியக் காசாகப் புழங்காமல், வெறும் தங்கமாக எடைக்கு மட்டும் மாற வேண்டும் என்று வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பெரும் பகுதி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

தாத்தா காலத்தில் அமராவதி ஆற்று மணலில் எடுத்த சின்னச் செப்புக்காசு வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் இரண்டு ஆள் நிற்பதுபோல் லேசாகத் தெரிகிறது. பச்சையாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் துலங்குமா?
– வாசகி, கரூர்

புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, தயவுசெய்து காசில் போடாதீர்கள். செப்புக் குடத்தில் களிம்பு மேலே படிவது, அதனால் புளி வேலை செய்கிறது. மண்ணில் ஆயிரத்து ஐந்நூறு வருடம் கிடந்த காசில் மேல்தோலே அந்தப் பச்சைதான். எழுத்தும் முகமும் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. தேய்த்தால் பளபளவென்று ஒரு வெறுந்தகடு மிஞ்சும்.

கரூரில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். நீங்கள் சொல்லும் இரண்டு ஆள் நடுவில் கொடிக்கம்போடு நிற்கும் போர்வீரர்கள் என்றால், அது ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் கி.பி. 330-களின் காசாக இருக்கலாம். அதே காசு எங்கள் நார்ஃபோக் வயல்களில் சர்வசாதாரணம், சுண்டுவிரல் நக அளவுதான் இருக்கும். பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் மதுரையிலும் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் ஆயிரக்கணக்கில். அங்கே சில்லறைத் தட்டுப்பாட்டுக்கு உள்ளூரிலேயே அதைப் பார்த்து அடித்த நகல்களும் உண்டு. பிரிட்டனிலும் இதே கதை, இங்கேயும் ரோமானியக் காசுக்கு உள்ளூர் நகல் அடித்திருக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தண்ணீர்கூட விடாதீர்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகித உறையில் போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் தாத்தா அதை எந்தத் துறையில், பாலத்துக்கு மேற்கா கிழக்கா, எந்த வருடம் வாக்கில் எடுத்தார் என்று கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி ஜன்னல் ஓரத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு, இரண்டு பக்கமும் படமெடுங்கள். அதை எடுத்துக்கொண்டு கரூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், முதலில் படத்தைக் காட்டுங்கள். சட்டப்படி வேறு என்ன தெரிவிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.