மே மாதத்தில் தக்காளிக் கன்று வாங்கலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் அடுக்குமாடி வீடு, மேற்குப் பார்த்த பால்கனி. மே மாதம் ஒரு நர்சரியில் ஆறு தக்காளிக் கன்றும் இரண்டு மூட்டை தொட்டி மண்ணும் வாங்கினேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் பூவெல்லாம் கொட்டி, மூன்றே வாரத்தில் செடி கருகிவிட்டது. மண்தான் மட்டமா? விலை கூடிய மண்ணாக வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் சகோதரி, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளி பூவைக் கொட்டும், ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் பிஞ்சு பிடிக்காது. அங்கே மே மாதத்தில் 40 டிகிரி என்பது சாதாரணம், எந்த மண்ணில் நட்டிருந்தாலும் காய் பார்த்திருக்க மாட்டீர்கள். விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது தப்புதான்.

மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். தொட்டிக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், மேலே ஈரமும் உள்ளே காப்பித்தூள் மாதிரி பொலபொலவென்றும் இருந்தால், நீங்கள் ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து தட்டுக்குப் போயிருக்கிறது, வேருக்குப் போகவில்லை. மூட்டை மண்ணில் பெரும்பாலும் பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்திருக்கும், ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் அது தண்ணீரை உள்ளே விடாது. தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள், குமிழி வருவது நின்றதும் எடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் அந்தத் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வருவது கையையே சுடும், வேர் என்ன பாடுபடும்! ராத்திரியே வாளியில் பிடித்து வைத்து விடியற்காலையில் ஊற்றுங்கள்.

காசு போட வேண்டியது 50 சதவீத நிழல் வலைக்குத்தான். கட்டுவதற்கு முன் வாட்ச்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சில கட்டடங்களில் விடமாட்டார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மலிவு என்றாலும் வெயிலில் கொதிக்கும், வெளிர் நிறமாக, பெரிதாக வாங்குங்கள். மண் போதாவிட்டால் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி சேர்க்கலாம், நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் கப்பலேறுகிற சரக்குதான். அட்டையில் ‘லோ ஈசி’, அதாவது உப்பு குறைவு, என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உப்பு போக இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் போடுங்கள்.

தக்காளியை அக்டோபரில் நடுங்கள், ஏப்ரல் வரை பறிக்கலாம். அதுவரை சும்மா இருக்க முடியாது என்றால் வெண்டை போடுங்கள், அது வெயில் தாங்கும். கன்றாக வேண்டாம், விதையாகவே வாங்குங்கள், பாக்கெட்டில் தேதியைப் பார்த்து.