போட்டுக்குப் பின்னால் ட்யூப்: கயிற்றை எங்கே மாட்டுவது?

பதினோரு வருடம் வளைகுடாக் கடற்கரை ஒன்றில் ஆட்கள் உட்கார்ந்து சவாரி போகும் காற்றடைத்த ட்யூபையும் பனானா போட்டையும் மோட்டார் போட்டால் இழுக்கும் வேலை பார்த்தேன். இப்போது காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். நம் பக்கத்துப் பையன்கள் பலர் கோவாவுக்கும் அந்தமானுக்கும் இதே வேலைக்குப் போகிறார்கள். போட் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கயிற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

பர்கூர்: அண்ணா, கோவாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். போட்டின் பின்பக்கம் நாலைந்து வளையங்கள் இருக்கின்றன. ட்யூப் கயிற்றை எதில் மாட்டுவது?

பின்பலகையின் நட்டநடுவில் ஒரு வளையம் இருந்தால், அது பெரும்பாலும் ஆளை இழுப்பதற்கென்றே வைத்தது. போட்டோடு வந்த கையேட்டில் எத்தனை பேர் வரை என்று பார்த்துக்கொள். நடு வளையம் இல்லையென்றால், இரண்டு ஓரத்திலும் கீழே லாடம் மாதிரி வளைந்த கம்பிகள் இருக்கும். போட்டை டிரெய்லரில் வைத்துக் கட்டுவதற்கு அவைதான். உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார். பலகையைத் துளைத்து வந்த போல்ட், அதன் பின்னால் தகடு, நட்டு எல்லாம் கையில் பட வேண்டும். வெறும் ஸ்குரூ முனை தட்டுப்பட்டால் அதைத் தொடாதே.

ஓரத்துக் கம்பி ஒன்றில் மட்டும் மாட்டினால் போட் அந்தப் பக்கமே இழுக்கும், நீ ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரு குட்டைக் கயிறு போட்டு, அதன் மேல் கிணற்றுக் கப்பி மாதிரி ஓடும் ஒரு கப்பியில் ட்யூப் கயிற்றை மாட்டு. ட்யூப் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கம் கப்பியும் நகரும், பாரம் இரண்டு கம்பிக்கும் பிரியும். குட்டைக் கயிற்றில் மிதவை கட்டாயம். கயிறு தொய்ந்தால் அடுத்த நொடி புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். வெளியே தொங்கும் இன்ஜின் என்றால், அதை முழுக்கத் திருப்பினாலும் கயிறு அதில் உரசாத அளவுக்கு நீளம் வேண்டும்.

கரையில் கட்டுவதற்கு வைத்த கிளீட், ஏணி, கைப்பிடிக் கம்பி, குளிக்கிறவர்கள் நிற்கும் தட்டு, இன்ஜின் மூடி, இவற்றில் எதிலும் கூடாது. மேலிருந்து முடுக்கிய கிளீட் பிடுங்கிக்கொண்டு வந்தால் கவண்கல் மாதிரி பாயும்.

ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்: இன்ஜின் நின்ற பிறகுதான் ஆள் தண்ணீரிலிருந்து ஏற வேண்டும். நியூட்ரல் போதாது, சாவியைத் திருப்பி அணை.

ஓசூர்: புது போட்களில் மேலே வளைவாக ஒரு டவர் இருக்கிறதே. அதில் மாட்டினால் கயிறு தண்ணீரில் படாது, ட்யூபில் இருப்பவர் முகத்தில் தண்ணீரும் அடிக்காது. அதுதானே நல்லது?

நீங்கள் சொன்ன இரண்டும் உண்மை. ஆனாலும் கூடாது. அந்த டவர் வேக்போர்டில், அதாவது தண்ணீரில் வழுக்கிப் போகும் பலகையில், கயிற்றைக் கையில் பிடித்து நிற்கிற ஒரு ஆளுக்காகச் செய்தது. பலகை தண்ணீர் மேல் வழுக்கும், இழுப்பு அதிகமாகிவிட்டால் அவர் கையை விட்டுவிடுவார். ட்யூப் கையை விடாது, கயிறு அதோடு கட்டியிருக்கிறது. மூன்று பேர் உட்கார்ந்த ட்யூபின் மூக்கு அலைக்குள் குத்தினால் அது ஒரு தொட்டித் தண்ணீரை அள்ளிக்கொண்டு நிற்கும், போட் போய்க்கொண்டே இருக்கும்.

நான் வேலை செய்த இடத்தில் இது நடந்தது. முதலாளி டவரில்தான் மாட்டச் சொன்னார். நானும் மறுக்கவில்லை, அது என் தப்பு. ஒரு திருப்பத்தில் மூக்கு குத்தியது. டவரின் கால் ஊன்றியிருந்த இடத்தில் ஃபைபர் பிளந்து, டவர் பின்னால் சாய்ந்தது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். டவர் ஒரு முழம் தள்ளி விழுந்ததால் பிழைத்தார்கள். பல போட் கம்பெனிகள் இதில் ட்யூப் இழுக்காதே என்று டவர் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்கின்றன. படித்துப் பாருங்கள்.

பாலக்கோடு: இருபத்தைந்து வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். மரம் இழுக்கும்போது டாப் லிங்கில், அதாவது பின்னால் கலப்பையின் மேல்பக்கத்தைப் பிடிக்கும் கம்பியில், கட்டினால்தான் கட்டை தரையில் குத்தாமல் வரும். போட்டுக்கு மட்டும் ஏன் கீழே என்கிறீர்கள்?

அண்ணே, போட் கிடக்கட்டும், முதலில் இதைப் பேசுவோம். டாப் லிங்கில் கட்டி மரம் இழுக்காதீர்கள். கட்டை வேரில் மாட்டி நகராமல் நின்றால் பின்சக்கரமும் சுற்றாது. இன்ஜினின் முறுக்கு எங்காவது போக வேண்டுமே, அது அச்சைச் சுற்றி வண்டியையே தூக்கும். முன்சக்கரம் எழும்பும். கயிறு அச்சுக்கு மேலே இருந்தால் அந்த இழுப்பும் சேர்ந்து வண்டியைப் பின்னால் மல்லாத்தும். இரண்டு நொடிகூட ஆகாது, கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. அச்சுக்குக் கீழே பின்னால் நீட்டியிருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மாட்டினால் அதே இழுப்பு முன்பக்கத்தைக் கீழே அமுக்கப் பார்க்கும்.

வேலிக் கல்லுக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தள்ளினால் அசையாது, உச்சியில் தள்ளினால் சாயும். டவருக்கும் அதேதான்.

பாலக்கோடு (அவரே): டாப் லிங்கில் எத்தனையோ தடவை இழுத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே.

அத்தனை தடவையும் கட்டை நகர்ந்துவிட்டது அண்ணே. நகராத ஒரு கட்டை வரும் நாளைத்தான் சொல்கிறேன்.

அரூர்: டவர் நல்ல கனமான ஸ்டீல் பைப். அதில் மாட்டினால் என்ன?

ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பைப் கனம் பிரச்சினை இல்லை, அது ஊன்றியிருக்கும் இடம்தான்.

தர்மபுரி: லாரியில் தார்ப்பாய் கட்டும் நைலான் கயிறு போதுமா? எவ்வளவு நீளம் வேண்டும்?

வேண்டாம். நைலான் தண்ணீரில் முழுகும், ரப்பர் மாதிரி இழுபடும். அறுந்தால் போட்டில் இருப்பவர் மேல்தான் வந்து சாட்டையாக விழும். மிதக்கிற, அதிகம் இழுபடாத பாலிஎத்திலீன் ட்யூப் கயிறு தனியாகக் கிடைக்கிறது. ஒரு ஆள் ட்யூபுக்கு அறுபடும் பலம் 680 கிலோ, இரண்டு பேருக்கு ஏறக்குறைய 1,080 கிலோ, நான்கு பேருக்கு 1,860 கிலோ. நீளம் 50 முதல் 65 அடி. வேகம் பெரியவர்களுக்கு மணிக்கு 30 கிலோமீட்டரைத் தொட வேண்டாம், பிள்ளைகளுக்கு 20 போதும். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் பாதி பலம் போய்விடும். கயிற்றின் நேர்க்கோட்டில் போட்டுக்குள் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பின்னால் பார்த்துக்கொண்டே வர ஓட்டுநரைத் தவிர ஒருவர் வேண்டும். இன்ஜினை அணைத்த பிறகே ஏற்றுங்கள்.

ஊத்தங்கரை: ஜெட் ஸ்கியில் இழுக்கலாமா?

பின்னால் இழுவை வளையம் உள்ள மூன்று சீட் வண்டியில் மட்டும். ஓட்டுபவர், பின்னால் பார்ப்பவர், ட்யூபிலிருந்து திரும்பி ஏறுபவர், மூவருக்கும் இடம் வேண்டும். ஒரு ஆள் ட்யூபுக்கு மேல் வேண்டாம்.

பென்னாகரம்: ஆடி 18க்கு ஒகேனக்கல்லில் பரிசலுக்குப் பின்னால் லாரி ட்யூப் கட்டிப் பிள்ளைகளை உட்காரவைக்கலாம் என்று இருக்கிறோம்.

கூடவே கூடாது. பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அது சுழன்றுகொண்டே போவது. பரிசல்காரர் ஒரு துடுப்பில் பாறைக்குப் பாறை ஒதுக்கி ஓட்டுவார், ட்யூப் தன் போக்கில் போய்ப் பாறையில் அடிக்கும். கயிறு பாறை இடுக்கில் மாட்டினால் பரிசலே கவிழும். பிள்ளைகளை லைஃப் ஜாக்கெட்டோடு பரிசலுக்குள் உட்காரவையுங்கள்.

கிருஷ்ணகிரி: கே.ஆர்.பி. அணையில் ட்யூப் சவாரி தொடங்க முடியுமா?

அணை நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது. அவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதற்கு முன் போட் வாங்கிவிடாதீர்கள்.

சூளகிரி: ஒரே ஒரு சின்னப் பிள்ளைதான் என்றால் டவரில் மாட்டலாம் இல்லையா?

மூன்றாவது தடவை சொல்கிறேன். டவரில் ட்யூப் வேண்டாம். இன்று ஒரு பிள்ளைக்கு மாட்டிய கொக்கியை நாளை மூன்று பேருக்குக் கழற்ற மாட்டீர்கள்.

பாலக்கோடு (அவரே): சரி தம்பி, டாப் லிங்கை விட்டுவிட்டேன். சேற்றில் மாட்டிய டிராக்டரை இன்னொரு டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வழி சொல்.

நல்ல காரியம் செய்தீர்கள் அண்ணே. முதலில் கலப்பையைக் கழற்றி, சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டிவிடுங்கள், பாதிப் பாரம் குறைந்துவிடும். இழுக்கும் வண்டியில் டிராபார், மாட்டிய வண்டியில் முன்பக்கத்து இழுவைக் கொக்கி. பாரத்துக்கு ஏற்ற சங்கிலி போடுங்கள். தொய்வை மெதுவாக எடுத்து, இறுகிய பிறகு முதல் கியரில் நகருங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள், சங்கிலி அறுவதே அப்போதுதான். முன்சக்கரம் லேசாக எழும்பினாலும் நிறுத்துங்கள். இரண்டு டிரைவர்களைத் தவிர ஒருவரும் சங்கிலி நீளத்துக்குள் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை வரப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு வண்டியை எடுங்கள்.