இரண்டாவது ஞாயிறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனையோலைப் பயிலரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். காலையில் ஓலைப்பெட்டி முடையச் சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றினோம். நாங்கள் 40 பேர். 300 விதைக்கு மேல் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

பெட்டியைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அதில் ஒருவர், "இந்த வாரம் பெட்டி, அடுத்த வாரம் பானையா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு எங்களால் என்ன பயன்? ஊன்றிய விதையெல்லாம் என்ன ஆகும்? இப்போது எங்கள் குடியிருப்பிலேயே இப்படி ஒன்றை நடத்தலாம் என்கிறார்கள். நடத்தலாமா, இது வெறும் பொழுதுபோக்குதானா?

பி.கு.: பெட்டியின் வாய் ஒரு பக்கம் பிரிய ஆரம்பித்துவிட்டது. உள்ளே லேசாகப் பூசணமும் பிடித்திருக்கிறது. என்ன செய்வது?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு நாளில் ஒரு கைத்தொழிலை யாரும் காப்பாற்றிவிட முடியாது. அவர் அந்த ஒரு நாளைக்கும் போகவில்லை என்பதால் மீதிப் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் போய் உட்கார்ந்தபோது பெட்டியின் அடிப்பகுதி முடைந்து தயாராக இருந்ததா? இருந்திருக்கும். நாற்பது பேரும் பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு பெட்டியோடு போக வேண்டுமென்றால் வேறு வழியில்லை. முந்தின நாள் ராத்திரி அந்த அம்மா கண்விழித்து நாற்பது பெட்டிக்கும் அடி போட்டிருப்பார். சாயங்காலம் கடைசி அரைமணி நேரத்தில் எல்லோருடைய பெட்டியையும் வாங்கி அவரே வாய் மடக்கியும் தந்திருப்பார். நடுவில் சுவரை எழுப்பியது மட்டும் நீங்கள். பெட்டியில் கஷ்டம் இருப்பதே அடியிலும் வாயிலும்தான். உங்களுக்குக் கிடைத்தது நடுப்பகுதி. அதுவும் வேண்டியதுதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பெட்டி வாயில்தானே பிரிகிறது? அரைமணியில் நாற்பது வாய் மடக்கினால் எந்தக் கையும் அப்படித்தான் மடக்கும்.

நான் இதைக் கற்றுக்கொள்ளப் போனது உடன்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், பல வருடங்களுக்கு முன்பு. கற்றுக்கொண்டேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பாட்டி குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து, ஒரே அகலத்தில் வார்ந்து அடுக்கி வைத்திருந்தார். நான் மூன்று தடவை அடி முடைந்தேன். மூன்று தடவையும் ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துப் போட்டார். நான்காவது தடவை, எப்போது வாய் மடக்குவது என்று கேட்டேன். "அடியே உக்காரல தம்பி, அதுக்குள்ள வாய் மடக்கணும்ங்கிய" என்றார். இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. "பனி விழுற நாளா வாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. பிறகு மார்கழியில் ஒரு விடியற்காலை போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பனி இறங்கிய நேரத்தில் ஓலை சொன்னபடியெல்லாம் வளைகிறது. மேல்காற்று அடிக்கும் மத்தியானத்தில் அதே ஓலை ஒடிகிறது, ஈரத்துணி போட்டுப் போட்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முதல் முறையோடு நின்றிருந்தால் எனக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத விஷயம் இது. அவரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அது சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

ஆகவே, பயிலரங்கு நடத்தலாமா என்ற உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்பேன். இரண்டாவது ஞாயிறு உண்டா? உண்டு என்றால் தாராளமாக நடத்துங்கள். முதல் ஞாயிறு எல்லோருக்கும் அமைந்துவிடும்.

குடியிருப்பில் நடத்துவதென்றால் என் யோசனை இது. முதல் நாள் யாரையும் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அடியை மட்டும் முடையட்டும். கோணலோ மாணலோ அவரவரே முடையட்டும். அதைக் கையில் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். நாற்பதில் பத்துப் பேர் திரும்பி வந்தால் பெரிய விஷயம். வராத முப்பது பேரும் இனி ஒரு ஓலைப்பெட்டிக்கு விலை பேசும்போது கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த அம்மாவுக்கு உங்களால் என்ன பயன் என்று கேட்டீர்களே, அதில் பாதி இதுதான். மீதிப் பாதி பணம். பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலிக்கணக்கு போடாதீர்கள். அன்றைக்கு அவர் ஆசிரியர். உங்கள் அலுவலகத்துக்குப் பேச வருகிற ஒருவருக்கு என்ன முறையில் கொடுப்பீர்களோ அந்த முறையில் கொடுங்கள். முந்தின நாள் வேலைக்கும் சேர்த்து.

'அழிந்துவரும் கலை' என்று மட்டும் பதாகையில் போட்டுவிடாதீர்கள். அந்த அம்மாவின் மகள் அநேகமாக இந்த வேலைக்கு வரவில்லை. வராதது சரிதான். முடைவதும் பனை ஏறுவதும் நம் ஊரில் விரும்பித் தேர்ந்தெடுத்த கலைகளாக இருந்ததில்லை. இன்ன சாதிக்கு இன்ன வேலை என்று தலையில் கட்டப்பட்டவை, இளக்காரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. அதிலிருந்து படித்து வெளியே போன பெண்ணைப் பார்த்து, 'மரபை விட்டுவிட்டார்களே' என்று வார இறுதியில் நாம் வருத்தப்பட்டால் அதைவிட அபத்தம் கிடையாது. நீங்கள் விரும்பிக் கற்கிறீர்கள், அவர்கள் விரும்பி விடுகிறார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை.

இன்னொரு ஆளையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு வந்த ஓலையை வெட்டியது யார்? வடலியாக, அதாவது தண்டு உயராத இளம்பனையாக, இருந்தால் தரையில் நின்றே குருத்தை எடுத்துவிடலாம். வளர்ந்த பனையென்றால் காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள்பெட்டியுமாக ஒருவர் ஏறியாக வேண்டும். பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். அது போனால் மரமே போய்விடும். எந்தக் குருத்தை எடுக்கலாம், எதை விட வேண்டும், எவ்வளவு ஆழம் அரிவாள் போகலாம் என்பதெல்லாம் ஏறுகிறவர் மேலே இருந்தபடி எடுக்கும் முடிவுகள். அடுத்த முறை முடியுமானால் அந்த மனிதரையும் கூப்பிடுங்கள். ஏறிக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்க்க வேண்டாம். உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். மரத்தின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு சொல் இருக்கும்: குருத்து, மட்டை, கருக்கு, பன்னாடை, பாளை. தொல்காப்பியத்தின் மரபியல் வெளியே வைரம் பாய்ந்ததை, அதாவது வெளிப்பக்கம் கெட்டியாக இருப்பதை, புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. புல்லின் உறுப்புகளாக அது அடுக்குகிற சொற்களில் ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் உண்டு. பனையேறிகளும் பெட்டி முடைகிறவர்களும் இன்றைக்கும் அவற்றைத்தான் புழங்குகிறார்கள். நாம் 1978இல் மாநில மரமாக அறிவித்த பனை, அந்தக் கணக்கில் ஒரு புல்!

கைத்தொழிலையும் மரத்தையும் ஒரே நாளில் சேர்த்து வைத்தவர்கள் யாரோ, நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இவை இரண்டும் பிரிந்தே கிடக்கின்றன. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர்கள் ஆச்சா மரத்துக்குப் பழைய வீடுகள் இடிபடுவதைப் பார்த்திருக்கிறார்கள். உத்தரத்திலும் தூணிலும் பல காலம் கிடந்து ஈரம் வற்றிய மரம் அவர்களுக்கு வேண்டும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் ஒரு காலத்தில் மஞ்சள் கடம்பில் கடையப்பட்டவை. பிறகு கிடைத்த மரத்திலெல்லாம் கடைந்தார்கள். ஆந்திரத்துக் கொண்டப்பள்ளி பொம்மைக்கு அந்தப் பக்கத்து மலையில் வளரும் தெல்ல பொணிக்கி என்ற மென்மரம்தான் ஆகும். அது குறையக் குறைய பொம்மைக்காரர்களும் திண்டாடுகிறார்கள். கற்றுக்கொடுக்க ஆசிரியர் இருந்து, கற்றுக்கொள்ள ஆளும் இருந்து, செய்வதற்கு மரம் இல்லாமல் போவதை நாம் பேசுவதே இல்லை. 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

இனி உங்கள் 300 விதைகள்.

நானும் ஊன்றியிருக்கிறேன். ஒரு ஆவணி மாதம், ஒரு கண்மாய்க் கரையில், இருபது பேர் சேர்ந்து. பத்தடிக்கு ஒன்றாகக் கயிறு பிடித்து ஊன்றினோம். படம் எடுத்தோம், வடை சாப்பிட்டோம். தை மாதம் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்கக் குழிகள். கிழங்குக்காகத் தோண்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை பனங்கொட்டையை வரிசையாகப் புதைப்பது என்றால் கிழங்குக்குப் பாத்தி போடுவது என்றுதான் அர்த்தம். இது கிழங்குக்கு இல்லை, மரத்துக்கு என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மறுபக்கம் தப்பியது. அதில் கொஞ்சம் முளைத்து, ஒற்றை இலை இலையாக வெளியே வந்தும் விட்டது. அதற்கடுத்த வருடம் கரையைச் சீர்படுத்த வந்த இயந்திரம் ஒரே காலையில் அத்தனையையும் வழித்துப் போட்டது. ஓட்டியவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு அது புதர்.

பனை அப்படித்தான். கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் கீழே இறங்குகிறது. கிழங்கும் வேரும் மண்ணுக்குள் உருவான பிறகு, பல மாதம் கழித்துத்தான் மேலே ஒற்றை இலை எட்டிப் பார்க்கும். அதனால் பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட நேராக ஊன்றுவது நல்லது. அதன் பிறகும் வருடக்கணக்கில் தண்டு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாளை விட 12 முதல் 20 வருடம் ஆகலாம். அதுவரை ஆண்பனையா பெண்பனையா என்றுகூடச் சொல்ல முடியாது. இவ்வளவு காலமும் அதை 'மரம்' என்று யாரும் எண்ணுவதில்லை. தீ வைப்பதும் மண் அள்ளுவதும் ஆடு மேய்வதும் எல்லாம் இந்தக் காலத்தில்தான் நடக்கும்.

2021 ஆகஸ்டில் வந்த தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் தருவதாகச் சொன்னார்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்பதும் அதில் வந்தது. இரண்டும் நல்ல அறிவிப்புகள். ஆனால் அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணம் நிமிர்ந்து நிற்கிற பனையைப் பார்த்தால்தான் ஒருவருக்கு வரும். மூன்று வயது வடலிக்கு யார் மனு எழுதப் போகிறார்கள்?

எனவே 300 விதைக்குப் பதில் 30 ஊன்றுங்கள். ஊராட்சியில் சொல்லிவிட்டு ஊன்றுங்கள், ஏரி எந்தத் துறையின் கையில் இருக்கிறதோ அவர்களுக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். கரையில் வண்டித்தடமும் இயந்திரமும் வராத பகுதி எது என்று அங்கே ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் சரியாகக் காட்டுவார். அவரையே பார்த்துக்கொள்ளவும் சொல்லலாம், சும்மா இல்லை, மாதம் ஒரு தொகை கொடுத்து. முளைத்த இடத்தில் கல் நட்டு வெள்ளையடித்து வையுங்கள். அடுத்த வருடம் போய் எண்ணுங்கள், அதற்கடுத்த வருடமும் எண்ணுங்கள். உங்கள் பயிலரங்கின் இரண்டாவது ஞாயிறு அங்கேயே நடக்கலாம். பாளைக்குக் காத்திருக்கும் அளவு ஓலைக்குக் காத்திருக்க வேண்டாம். வடலி நின்றுவிட்டால் அதன் குருத்திலேயே முடையலாம். நீங்கள் ஊன்றியதிலிருந்து நீங்களே வெட்டி ஒரு பெட்டி முடைந்தால், அந்த நண்பருக்கே அனுப்பி வையுங்கள்.

கடைசியாகப் பெட்டி. பூசணத்தை உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் ஒரு நாள் வையுங்கள். இனிமேல் பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டாம், ஓலைக்குக் காற்று வேண்டும். பிறகு பிரிந்த வாய்ப்பகுதியை மட்டும் ஈரத்துணியால் ஒரு மணி நேரம் சுற்றி வையுங்கள். ஓலை இளகியதும் தளர்ந்த இழைகளை ஒரு வரிசை வரை பிரித்துவிட்டு, ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து இரண்டாவது வரிசைக்கு அடியில் செருகுங்கள். கத்தி வேண்டாம், மழுங்கின ஊசி போதும். மடித்த விளிம்பின் மேல் இரண்டு ஈர்க்கு வைத்து நாரால் சுற்றிக் கட்டினால் இனிப் பிரியாது. நிழலில் காயட்டும். முதல் தடவை கோணலாகத்தான் வரும், பிரித்துவிட்டு மறுபடியும் மடக்குங்கள்.